அக்கா போட்ட குரவை

போன வருடம் மாசி மாதக் கடைசியில் இலங்கைத்துறை முகத்துவாரத்தில் எமது பெண்கள் சங்கக் கூட்டம் நடந்தது. மார்ச் 8ஆம் திகதி சர்வதேச பெண்கள் தினத்துக்கு என்ன செய்யலாம் என்பதுதான் பேச்சு. வழக்கம்போலப் பட்டிமன்றம், கவிதை, கோலப்போட்டி என்று சொல்லிக்கொண்டு போனார்கள். "ஒவ்வொரு வருசமும் இதுதானே, இந்த முறை ஆட்டம் பாட்டு ஒண்டு வைப்பமே" என்றார் ஒரு தங்கச்சி. உடனே பின்வரிசையில் இருந்து ஒரு குரல் வந்தது: "அப்ப அக்காவ அரபு டான்ஸ் ஆடச் சொல்லுங்க. ஒம்பது வருசம் குவைத்தில இருந்தவதானே, இடுப்ப ஆட்டப் பழகியிருப்பா."

கூட்டம் முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன்.

அந்த அக்கா மட்டும் சிரிக்கவில்லை. மடியில் இருந்த சேமிப்புக் கணக்குக் கொப்பியை மூடி என் பக்கத்தில் வைத்தார். "உலை வச்சிட்டு வந்தனான்" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போனார். அவர் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். அதனால் அக்கா என்றே எழுதுகிறேன்.

அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை. நான் சமூகவியல் படித்துப் பட்டம் பெற்றவள். பால்நிலை பற்றிப் பக்கம் பக்கமாகப் பரீட்சை எழுதியவள். வெளிநாடு போய் வந்த பெண்களை எமது ஊர்கள் எப்படிப் பார்க்கின்றன என்பது எனக்கு நன்றாகவே தெரியும். முகத்துக்கு நேரே "எவ்வளவு அனுப்பினாய், வீடு கட்டி முடிஞ்சுதா" என்று கேட்பார்கள். முதுகுக்குப் பின்னால் "அங்க என்னென்ன செய்தாளோ" என்பார்கள். "அரபு டான்ஸ்" என்ற சொல்லுக்குள் அந்தச் சந்தேகம் முழுவதும் இருந்தது. அது தெரிந்தும் நான் சிரித்தேன்.

அடுத்த நாள் காலை அவருடைய வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் இருந்து இறால் உடைத்துக்கொண்டிருந்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னார்: "அவள் சொன்னது எனக்குப் பெரிசில்ல தங்கச்சி. நீங்களும் சிரிச்சீங்கதானே, அதுதான் பொறுக்கல்ல."

நானும் பக்கத்தில் இருந்து இறால் உடைக்கத் தொடங்கினேன். உடைத்து முடியும் வரைக்கும் அவர் கதைத்தார்.

அக்காவின் கணவர் 2006இல் இல்லாமல் போனார். அந்த வருடம் ஆவணியில் ஈச்சிலம்பற்றுப் பக்கத்து ஊர்கள் எல்லாம் வெருகல் ஆற்றைக் கடந்து வாகரைக்கு ஓடின. மார்கழியில் அங்கிருந்தும் கிளம்பி மட்டக்களப்பு முகாம்களுக்குப் போனோம். எனக்கு அப்போது பதினாறு வயது. 2007இல் மீள்குடியேற்றம் என்று திரும்பி வந்தபோது அக்காவிடம் இரண்டு பிள்ளைகளும் ஒரு தறப்பாள் கொட்டிலும் இருந்தன. 2009இல் பிள்ளைகளைத் தாயிடம் விட்டுவிட்டு குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனார்.

அங்கே மூன்றாவது வருடத்தில் எசமானியின் தங்கைக்குக் கல்யாணம் நடந்தது. பெண்களுக்குத் தனி மண்டபம். கஹ்வா ஊற்றவும் பேரீச்சம்பழத் தட்டம் தூக்கவும் வீட்டு வேலைக்காரப் பெண்களையும் கூட்டிப் போனார்கள். வாசலில் இரண்டு பெண்கள் நின்று, வந்தவர்களின் கைத்தொலைபேசிகளை வாங்கி வைத்தார்கள். படம் எடுக்கக் கூடாதாம். உள்ளே போனதும் எல்லாரும் கறுப்பு அபாயாவைக் கழற்றினார்கள். "தங்கச்சி, உள்ளுக்குள்ள அவ்வளவு நிறம் இருக்கெண்டு நான் நினைக்கவே இல்ல" என்றார் அக்கா.

மேளக்காரரும் பெண்கள்தான். வரிசையாக இருந்து, ரபானைப் போன்ற ஒரு தோல் வாத்தியத்தைக் கையில் பிடித்துத் தட்டிப் பாடினார்கள். மணமகளின் மாமிமார் இரண்டு இரண்டு பேராக எழும்பி வந்தார்கள். கை வைத்த, நிலத்தில் இழுபடுகிற அகலமான மெல்லிய சட்டை, அதில் பொன்னிழை வேலை. சட்டையின் முன்பக்கத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, சின்னச் சின்ன அடியாக வைத்து, தலையைச் சாய்த்து, அவிழ்த்து விட்ட கூந்தலை ஒரு பக்கமிருந்து மறுபக்கம் வீசினார்கள். "அலை கரைக்கு வாறதும் போறதும் மாதிரி. இடுப்பெண்டு இவங்க சொல்றாங்க, அங்க இடுப்புத் தெரிஞ்சாத்தானே! கழுத்தில இருந்து கால் வரைக்கும் உடுப்பு. பார்க்கிறதுக்கு ஒரு ஆம்பிளயும் இல்ல. அவங்க தங்கட ஆசைக்கு ஆடினாங்க."

மணமகள் உள்ளே வந்த நேரத்தில் எல்லாப் பெண்களும் நாக்கைச் சுழற்றி உயர்ந்த குரலில் ஒலி எழுப்பினார்கள். அக்காவுக்கு உடம்பு சிலிர்த்தது. அது குரவை. எங்கள் குரவையேதான். என்ன செய்கிறோம் என்று தெரியாமலே கையில் இருந்த தட்டத்தை மேசையில் வைத்துவிட்டு அவரும் குரவை போட்டார்.

"பிறகுதான் நினைச்சன், நான் குரவை போடக் கூடாதெல்லே எண்டு. இவர் போன பிறகு ஒரு கல்யாண வீட்டிலயும் நான் வாய் திறந்ததில்ல. ஆலாத்தி எடுக்கவும் கூப்பிடமாட்டாங்க, நானும் முன்னுக்குப் போகமாட்டன். அங்க ஆரும் என்னட்ட, உனக்குப் புருசன் இருக்கானா எண்டு கேட்கல்ல."

அந்த வீட்டு மூதாட்டி சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தார். சிரித்தபடி வந்து அக்காவின் மணிக்கட்டைப் பிடித்து நடுவே கூட்டிப் போனார். தோளில் கை வைத்து அடி வைக்கக் காட்டிக் கொடுத்தார். "ரெண்டு நிமிசம் இருக்கும். அந்த ரெண்டு நிமிசம் நான் வேலைக்காரி இல்ல. மறுகா தட்டத்த எடுத்தன்."

நான் கண்ணைத் துடைத்ததைக் கண்டுவிட்டு அக்கா இன்னொன்றும் சொன்னார். "அதே வீட்டிலதான் என்ர பாஸ்போட்டையும் அலுமாரியில பூட்டி வச்சிருந்தாங்க. நாலு மாசச் சம்பளம் இண்டைக்கும் வரல்ல. ரெண்டும் உண்மைதான் தங்கச்சி. ஒண்டச் சொல்லி மற்றத மறைக்க ஏலாது."

அதற்குப் பிறகுதான் நான் தேடி வாசிக்கத் தொடங்கினேன். அதுவரை அரபு நடனம் என்றால் எனக்கும் சினிமாவில் வரும் காட்சிதான் தெரியும்: மதுக்கடை, வயிறு தெரியும் உடுப்பு, சுற்றிவர ஆண்கள். அந்தப் படத்துக்கே ஒரு சரித்திரம் இருக்கிறது. எகிப்தில் வீட்டுச் சடங்குகளில் பெண்கள் ஆடும் ஆட்டத்தை "ரக்ஸ் பலதி" என்பார்கள். ரக்ஸ் என்றால் ஆட்டம், பலதி என்றால் எங்கள் மண்ணுக்குரியது. மேடையில் ஆடும் வடிவத்துக்கு "ரக்ஸ் ஷர்கி", அதாவது கிழக்கின் நடனம் என்று பெயர். "வயிற்று நடனம்" என்பது ஐரோப்பியர் வைத்த பெயர். 1893இல் அமெரிக்காவின் சிக்காகோவில் நடந்த உலகக் கண்காட்சியில் கெய்ரோ வீதி என்று ஒன்றைக் கட்டி நடனப் பெண்களைக் காட்டினார்கள். அந்தப் பெயர் அமெரிக்கா முழுவதும் பரவியது அதற்குப் பிறகுதான்.

சொந்த நாட்டிலும் அந்தப் பெண்களுக்கு நிம்மதி இருக்கவில்லை. எகிப்தில் வீதியிலும் விழாக்களிலும் ஆடி வாழ்ந்த பெண்களை "கவாஸி" என்பார்கள். 1834இல் எகிப்தை ஆண்ட முகம்மது அலி அவர்களைக் கெய்ரோவில் இருந்து வெளியேற்றித் தெற்கே எஸ்னா, கெனா, அஸ்வான் போன்ற ஊர்களுக்கு அனுப்பினார். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து, 1926இல் பதியா மஸப்னி என்ற பெண் கெய்ரோவில் ஓர் அரங்கைத் திறந்தார். தஹியா கரியோக்கா, சாமியா கமால் போன்ற பெரிய நடனக் கலைஞர்கள் அவரிடம் இருந்துதான் வந்தார்கள். 1959இல் மஹ்மூத் ரெதா தொடங்கிய குழு, கிராமிய ஆட்டங்களைக் குடும்பத்தோடு இருந்து பார்க்கும் மேடைக்குக் கொண்டு வந்தது. அதில் ஃபரீதா ஃபஹ்மி என்ற பெண் முன்னணியில் நின்று ஆடினார்.

இதை வாசித்தபோது எமது கதைதான் நினைவுக்கு வந்தது. இன்று எமது பிள்ளைகள் பாடசாலையில் பரதநாட்டியம் படிக்கிறார்கள். மேடையேற்றுவதில் தாய்மாருக்குப் பெருமை. அந்த நடனம் ஒரு காலத்தில் சதிர் என்று அழைக்கப்பட்டது. அதை ஆடிய பெண்களைச் சமூகம் இழிவாகப் பேசியது. கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டுவதைச் சென்னை மாகாணம் 1947இல் சட்டத்தால் தடுத்தது. அதற்கு முன்பே, 1936இல் ருக்மிணி தேவி கலாசேத்திரத்தைத் தொடங்கியிருந்தார். ஆட்டத்துக்கு மதிப்புக் கிடைத்தது. அதைப் பரம்பரையாகக் காத்த பெண்கள் பலர் ஒதுக்கப்பட்டார்கள். எந்த நாடானாலும் ஆட்டத்தின் பழி முதலில் பெண்ணின் தலையில்தான் விழுகிறது.

அக்கா கண்ட ஆட்டம் வளைகுடா நாடுகளின் பெண்கள் ஆட்டம். கூந்தல் வீசுவது அதன் அடையாளம். ஐக்கிய அரபு இராச்சியத்திலும் ஓமானிலும் "அய்யாலா" என்று ஒன்று உண்டு. ஆண்கள் ஈட்டிக்குப் பதிலாக மெல்லிய மூங்கில் தடிகளைப் பிடித்து இரண்டு வரிசையாக எதிரெதிரே நின்று ஆடுவார்கள். முன்னால் பெண்பிள்ளைகள் நின்று கூந்தலை வீசுவார்கள். 2014இல் யுனெஸ்கோ இதை உலகப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. அடுத்த வருடம் சவூதியின் வாளாட்டமான "அர்தா" சேர்ந்தது. 2016இல் எகிப்தின் தடியாட்டமான "தஹ்தீப்" சேர்ந்தது.

தடியாட்டம் என்றதும் என்னோடு வேலை செய்யும் மூதூர்த் தோழி, "அது எங்கட பொல்லடி மாதிரியெல்லோ" என்றார். கிழக்கில் முஸ்லிம் ஆண்கள் வட்டமாக நின்று பொல்லை அடித்து ஆடுவதை எம்மில் பலர் ஊர்வலங்களில் கண்டிருப்போம். எமது கோலாட்டத்துக்கும் வசந்தன் கூத்துக்கும் அது கிட்டத்துச் சொந்தம். "குரவையும் அப்படித்தான்" என்றார் அவர். "எங்கட வாப்பும்மா போடுற குரவை மூணு வீட்டுக்கு அங்கால கேட்கும்." ஒரே ஆற்றங்கரையில் இருந்துகொண்டு, ஒரு வீட்டுக் குரவை மற்ற வீட்டுக்குக் கேட்காத காலம் ஒன்றையும் நாங்கள் கடந்து வந்திருக்கிறோம்.

மூதூர் என்று எழுதும்போது றிஸானா நபீக்கை நினைக்காமல் இருக்க முடியாது. 2005இல், சிறுமியாக இருக்கும்போதே, வயதைக் கூட்டிக் காட்டிய கடவுச்சீட்டோடு சவூதிக்கு வேலைக்குப் போனவர். அவரது பொறுப்பில் விடப்பட்ட கைக்குழந்தை இறந்தது. அந்த வழக்கில் 2013ஆம் ஆண்டு ஜனவரி 9ஆம் திகதி அவருக்கு மரணதண்டனை நிறைவேற்றப்பட்டது. அந்தப் பிள்ளை அந்த நாட்டில் ஒரு கல்யாண வீட்டையாவது கண்டிருப்பாளா? அரபு நாட்டின் ஆட்டத்தைப் பற்றி நான் எழுதுவது அங்கே நடந்ததை மூடி மறைப்பதற்காக அல்ல. அக்கா சொன்னதுபோல இரண்டையும் சொல்ல வேண்டும்.

நான் வாசித்தவற்றில் என்னை அதிகம் நிறுத்தி வைத்தது பலஸ்தீனத்தின் "தப்கே". ஆணும் பெண்ணும் கைகோத்து வரிசையாக நின்று, நிலம் அதிரக் காலை அடித்து ஆடுவது. லெபனான், சிரியா, ஜோர்தானிலும் அது உண்டு. அங்கே வழிவழியாகச் சொல்லும் கதை இது: முன்பு வீட்டுக் கூரைகளை மரத்தாலும் மண்ணாலும் போடுவார்கள். மாரியில் மண் வெடித்தால் அயலவர்கள் ஒன்றுகூடிக் கூரை மேல் ஏறி மிதித்து இறுக்குவார்கள். அந்த மிதிதான் ஆட்டமானதாம். மண் வீட்டைக் கூடி நின்று மெழுகியவர்களுக்கு இது விளங்கும்.

1948இல் ஏழு இலட்சத்துக்கும் அதிகமான பலஸ்தீனர்கள் வீடு வாசலை இழந்து அகதிகளானார்கள். கூரை போனது, தப்கே போகவில்லை. முகாம்களில் பிறந்த பிள்ளைகளுக்கும் அதைப் பழக்கினார்கள். 1979இல் அல் ஃபுனூன் என்ற குழு தொடங்கி, மறந்து போகவிருந்த ஆட்டங்களையும் பாட்டுகளையும் தேடி மேடைக்குக் கொண்டு வந்தது. காஸாவில் போர் நடந்துகொண்டிருந்த 2023 டிசம்பரில் யுனெஸ்கோ தப்கேயைத் தனது பட்டியலில் சேர்த்தது.

இதை வாசித்தபோது என் அம்மம்மாவை நினைத்தேன். சித்திரை வருடப்பிறப்பில் ஊஞ்சல் பாட்டையும் கும்மியையும் தொடங்கி வைப்பவர் அவர்தான். முகாமில் காலமானார். நாங்கள் திரும்பி வந்த பிறகு கிணறு இறைத்தோம், வேலி அடைத்தோம், காணாமல் போனவர்களைத் தேடி அலைந்தோம். கும்மியை ஒருவரும் தேடவில்லை. துக்க வீட்டில் கும்மி எதற்கு என்று விட்டுவிட்டோம். துக்கம் முடியவில்லை, அதனால் கும்மியும் திரும்பி வரவில்லை.

ஆனால் ஆட்டம் சந்தோசத்துக்கு மட்டும்தானா? எமது கண்ணகை அம்மனின் கதையைப் பாருங்கள். சிலப்பதிகாரத்தில் "ஆய்ச்சியர் குரவை" என்று ஒரு பகுதி உண்டு. ஆயர் சேரியில் பால் உறையவில்லை, வெண்ணெய் உருகவில்லை, ஏதோ தீங்கு வரப் போகிறது என்று மாதரி பயப்படுகிறாள். உடனே பெண்களைக் கூட்டிக் குரவை ஆடச் சொல்கிறாள். ஏழு பெண்கள் கைகோத்து வட்டமாக ஆடுகிறார்கள். கண்ணகியும் அங்கே இருக்கிறாள். அந்த நேரத்தில் மதுரையில் கோவலன் வெட்டப்பட்டுவிட்டான். அவளுக்கு அது இன்னும் தெரியாது. குரவை என்பது முதலில் ஓர் ஆட்டத்தின் பெயராகவும் இருந்திருக்கிறது. பயம் வந்தபோது பெண்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்த ஆட்டம். எமக்கு மிஞ்சியது ஒலி மட்டும்தான். அந்த ஒலியையும் கணவனை இழந்தவளிடம் இருந்து பறித்துக்கொண்டோம். வைகாசியில் கண்ணகைக்குக் குளிர்த்தி செய்கிறோம். கணவனை இழந்த ஒரு பெண்ணைத் தெய்வமாக வைத்துவிட்டு, வீட்டில் இருப்பவளைப் பின்வரிசைக்கு அனுப்புகிறோம்.

அடுத்த கூட்டத்தில் எல்லார் முன்னாலும் அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். பிறகு அவரிடமே கதையைச் சொல்லச் சொன்னேன். பகிடி பண்ணிய பெண் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். கதை முடிந்ததும் அவர்தான் முதலில் கேட்டார்: "அக்கா, அந்தக் கூந்தல் வீசுறது எப்படி?"

பெண்கள் தினத்தன்று காலையில் வழமையான கூட்டம், பேச்சு, பரிசளிப்பு. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆண்களை அனுப்பிவிட்டு மண்டபத்தின் கதவைச் சாத்தினோம். குவைத்துக் கல்யாண மண்டபத்தைப் போலவே கைத்தொலைபேசிகளை எல்லாம் ஒரு பனையோலைப் பெட்டியில் போட்டோம். அக்காதான் பெட்டிக்குக் காவல். மகனைத் தேடி வருடக்கணக்காக அலையும் ஒரு அம்மா வாசலிலேயே நின்றார். "நான் வந்தா நல்லா இருக்குமா பிள்ள?" என்று கேட்டார். அக்கா எழும்பிப் போய் அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக் கூட்டி வந்தார். அந்த அம்மா ஆடவில்லை. நடுவில் ஒரு கதிரையில் இருந்து கும்மிக்குக் கை தட்டினார். அம்மம்மாவின் பாட்டில் எனக்கு இரண்டு அடிதான் ஞாபகம் வந்தது. மிச்சத்தை அந்த அம்மாதான் எடுத்துக் கொடுத்தார்.

ஆவணியில் அக்காவின் மகளுக்குக் கல்யாணம். தாலி கட்டும் நேரத்தில் அக்கா குசினி வாசலில்தான் நின்றார். மேளம் உயர்ந்தபோது முதல் குரவை அங்கிருந்துதான் வந்தது. சிலர் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பெரியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். எங்கள் சங்கத்துப் பெண்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து போட்டோம். மகள் மணவறையில் இருந்து தாயைப் பார்த்துச் சிரித்தாள்.

சகோதரிகளே, உங்கள் ஊரிலும் வெளிநாடு போய் வந்த ஒரு அக்கா இருப்பார். எவ்வளவு கொண்டு வந்தாய் என்று கேட்டது போதும். அங்கே என்ன கண்டாய், என்ன பட்டாய் என்று பக்கத்தில் இருந்து கேளுங்கள். உங்கள் அம்மம்மா பாடிய கும்மியில் இரண்டு அடியாவது ஞாபகம் இருந்தால் எழுதி வையுங்கள். மிச்சம் தெரிந்த ஒருவர் எங்கேயோ ஒரு வாசலில், உள்ளே வரலாமா என்று கேட்டபடி நிற்பார்.